எங்கள் கூரையும் கணக்கில் வந்தது, மச்சாள்

மச்சாள்,

இன்று காலை ஒடியல் காயப்போட்டேன். பிளந்த பனங்கிழங்கில் வெயில் ஏற ஏற, பச்சையும் கைப்பும் கலந்த அந்த மணம் வளவு முழுக்க எழும்பிவிட்டது. பாயில்தான் பரப்பியிருக்கிறேன், கிணற்றடிக்குப் பக்கத்தில், கையில் ஒரு தடியோடு கோழிக்குக் காவல் இருந்துகொண்டு. வீட்டு முன் பிளாட்டில், அந்தத் தட்டைக் கூரையில், ஏற்றவில்லை. தகரத்தைத் தொடவும் இல்லை. நீ பார்த்திருந்தால் "இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றிருப்பாய், தகரம் கொண்டுவந்தவளே நீதான் என்பதை மறந்து.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் எழுத இருந்துவிட்டேன். விஷயம் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் கம்பஸ் பிள்ளை வந்தவள். எங்கள் கூரையைச் சேர்த்துவிட்டார்கள், மச்சாள். உலகம் முழுக்க எங்கே மழை, எங்கே புயல் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுகிறவர்கள், இனிப் புத்தூரில் இருக்கிற எங்கள் வீட்டுக் கூரையையும் கேட்டுத்தான் கணக்குப் போடுவார்கள்.

நேற்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி என்று உப்பைப் போட்டேன். முன்வீட்டுக்குச் சொன்னேன். பால்காரனை மறித்துச் சொன்னேன். "அப்பிடியே, நல்லது" என்றான், சைக்கிளை மிதித்தான். நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயமா இது? இதைக் கேட்டு என்னோடு சேர்ந்து துள்ளக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன். நீயும் நானும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர்கள். பிழை இருந்தாலும் உனக்குத் தெரியப்போவதில்லை.

ரேடியோக்காரனோடு உனக்கு இருந்த பகை ஊருக்கே தெரியும். வெங்காயம் கிண்டுகிற காலத்தில் ரேடியோவை வரம்பில் வைத்துவிட்டுத்தான் நீ தோட்டத்தில் குனிவாய். வெங்காயத்தைக் கிண்டி வெளியே போட்டபின் ஒரு மழை விழுந்தால் போதும், அழுகின நாற்றத்தைத்தான் அள்ளவேண்டும். அவன் வழக்கம்போல "வடக்கில் இடைக்கிடை மழை பெய்யக்கூடும்" என்று வாசிப்பான். நீ மண் கையோடு நிமிர்ந்து நின்று அவனோடு கதைப்பாய்.

"வடக்கெண்டா எங்கையடா? வவுனியாவும் வடக்கு, நானும் வடக்கு. எங்கடை வெங்காயத்தை நீ கண்டனியோ?"

பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் பகிடிக்குக் கீழே என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் வலிகாமத்துச் சனம் எல்லாம் சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தபோது நீ உன் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தாய். நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒதுங்க இடமில்லை, மேலே மூட ஒரு தறப்பாள் துண்டும் இல்லை. வீடு, ஆடு, பெட்டி எல்லாவற்றையும் விட்டு வந்தவள் நீ. ஆனால் பிறகு எத்தனையோ வருடம் நீ சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். "மழை வருமெண்டு ஆராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, ஒரு தறப்பாளாவது இழுத்துக்கொண்டு வந்திருப்பனடி."

போன வருடம் பொங்கல் கழிந்த கையோடு கம்பஸ் பிள்ளை முதல்முதல் எங்கள் வாசல் படலைக்கு வந்தாள். நல்லூரில் அறை எடுத்து இருந்து பல்கலைக்கழகத்தில் மழை, காற்றுப் பற்றிப் படிக்கிறவள், ஸ்கூட்டியில் வந்தவள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணாந்து எங்கள் பிளாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மரம் மறைக்காமல் வானம் முழுக்கத் தெரிகிற கூரை தேடுகிறாளாம். ஒரு கருவி பூட்டவேண்டுமாம்.

"உது எங்களைப் படம் பிடிக்குமோ?" என்று நீ கேட்டாய்.

"இல்லை அன்ரி. உது கேக்கிறது மட்டுந்தான்."

"ஐயோ, அது அதைவிட மோசமெல்லே. நாங்கள் ரெண்டுபேரும் கதைக்கிற கதைக்கு."

அவள் சிரித்து முடிய நேரமெடுத்தது. பிறகு கதிரையில் இருந்து ஆறுதலாகச் சொன்னாள். போனில் வழி காட்டுவதற்கு மேலேயிருந்து செய்மதிகள் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சிக்னல் கீழே வந்துசேர எவ்வளவு நேரம் வேண்டும் என்று சரியாகத் தெரியும். ஆனால் காற்றில் தண்ணீர் ஆவியாக நிறைந்திருந்தால் அது ஒரு சொட்டுப் பிந்தி வரும். கண்ணுக்கோ மணிக்கூட்டுக்கோ பிடிபடாத பிந்தல், கருவிக்குப் பிடிபடும். எவ்வளவு பிந்தியது என்று பார்த்தால், எங்கள் தலைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். முகில் கறுக்க முதலே தெரியும்.

நான் வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். நீ தொடையில் தட்டினாய்.

"அட, இது எங்கடை வீட்டு வேலை. நான் சந்தைக்குப் போட்டுப் பிந்தி வந்தா, வழியிலை ஆரோடை கதைச்சனான் எண்டு இவள் இருந்த இடத்திலை இருந்து சொல்லுவாள். கொஞ்சம் பிந்தினா சங்கக்கடைச் சரசு. கனக்கப் பிந்தினா கோயிலடிப் பரமேஸ், அவள் உயிரோடை இருந்த காலத்திலை."

"அதுதான் அன்ரி. அதேதான்" என்றாள் பிள்ளை. தன் வகுப்பில் இனி அப்படித்தான் விளக்கிச் சொல்லப் போவதாகவும் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். வானத்திலும் சின்னச் சின்னச் செய்மதிகள் இதே வேலை செய்கின்றனவாம். பெரிய செய்மதி பூமிக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைகிற நேரம், அதன் சிக்னல் காற்றுக்குள்ளால் வளைந்து வருமாம். வளைவைப் பிடித்து அங்கே காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று கண்டுபிடிப்பார்களாம். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வதற்கு, இன்றைக்கு உலகம் முழுக்கக் காற்று எப்படி இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். எங்கள் பக்கத்தில், தரையில் இருந்து பார்க்கிற கருவி குறைவு.

"அப்ப எங்கடை வெங்காயத்தை ஒருதரும் காணேல்லை எண்டு நான் சொன்னது மெய்தானே" என்றாய். பிள்ளை தலையாட்டினாள். அந்த இடத்திலேயே நீ கருவி பூட்ட ஓம் சொல்லிவிட்டாய்.

பிளாட்டின் நடுவில் ஒரு கட்டைக் குழாய், அதன் உச்சியில் வெள்ளையாக ஒன்று. கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை போல இருந்தது. அன்றிலிருந்து அது எங்களுக்குச் சிரட்டைதான்.

அதன்பிறகு ஒடியல் காலம் வந்தது. உன் மூளை வேலை செய்தது. "இவங்கள் படிச்ச பிள்ளையள், நல்லா வெயில் படுற இடம் பாத்துத்தானே சிரட்டையை வச்சிருக்கிறாங்கள்" என்றாய். மரம் மறைக்காத இடம், கோழி ஏறாத இடம். பழைய மாட்டுக்கொட்டில் தகரங்களைக் கழுவி, நீ மேலே நின்று இழுக்க நான் கீழே நின்று தள்ள, சிரட்டையைச் சுற்றிச் சாய்த்து வைத்தோம். தகரத்தில் போட்ட ஒடியல் பாயில் போட்டதைவிடக் கெதியாக முறுகியது. உனக்குப் பெரிய புழுகம், சந்தோஷம் தாளவில்லை. ஒடியல் கூழ் காய்ச்சுகிற வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாய்.

பிள்ளை போன் எடுத்தாள். "அன்ரி, உங்கடை பிளாட்டிலை என்ன நடக்குது? சிக்னல் எல்லாம் குழம்பி, கணினியிலை வாற கோடு அறுந்து அறுந்து கிடக்குது."

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சிரட்டை நல்ல சுகம்."

அவள் நம்பவில்லை. வந்து ஏணியில் ஏறிப் பார்த்தாள். மேலே நின்று அவள் போட்ட சத்தம் அழுகையா சிரிப்பா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. வானத்தில் இருந்து நேரே வருகிற சிக்னலோடு, தகரத்தில் பட்டுத் தெறிக்கிற சிக்னலும் சேர்ந்து சிரட்டைக்குள் போயிருக்கிறது. எது நேரே வந்தது, எது சுற்றி வந்தது என்று அதற்குத் தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்ற கணக்கே பிழைத்துவிட்டது. நல்லகாலம், அது பரீட்சைக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் கூரைக் கணக்கை வெளியே யாரும் எடுக்கவில்லை.

"இல்லாட்டி எங்கடை ஒடியலாலை ஜப்பான்காரன் வெயிலுக்கை குடை பிடிச்சிருப்பான்" என்றாய்.

ஆனால் விஷயம் பகிடியோடு முடியவில்லை. பிள்ளையின் மேலாள் கருவியைக் கழற்றிச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் பூட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை அதைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நீ உன் முந்தானையைச் சொருகிக்கொண்டு எழும்பினாய்.

"சாவகச்சேரிக்கோ? ஒருக்கா நாங்கள் இஞ்சையிருந்து அங்கை போனது காணும். இது போகவேண்டாம். எங்களுக்கு ஒரு மாரி தாங்கோ. ஒரு மாரி முழுக்க, கோட்டிலை ஒரு கீறல் விழாமல் தாறம். விழுந்தா நீங்களே வந்து கழட்டுங்கோ."

மாரி மழைக் காலம்தான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. வங்காள விரிகுடாவில் கிளம்புகிற புயல்கள் எல்லாம் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பும். சரி, ஒரு மாரி பார்ப்போம் என்று முடிவானது.

ஐப்பசி பிறந்ததில் இருந்து நீ அந்தப் பிளாட்டுக்குக் காவல்காரி. முருங்கைக் கொப்பு அந்தப் பக்கம் நீண்டால் வெட்டு. கொடிக்கம்பியை அந்தப் பக்கம் கட்டாதே. கரண்ட் போனால் பற்றரியின் பச்சை லைற் எரிகிறதா என்று பார். காகம் சிரட்டையில் இருந்தால் நீ கீழே நின்று அதனோடு சண்டை. "உனக்கு இருக்க ஊரிலை வேறை இடமில்லையோடி?" காற்று கனத்து, உடுப்புக் காயாமல் கிடக்கிற நாளில் நீ அண்ணாந்து பார்த்து, "இண்டைக்கு மேலை எல்லாரும் கதைச்சுக்கொண்டு நிக்கினம். சிக்னல் பிந்தும்" என்பாய்.

கார்த்திகையில் ஒரு காலை, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நீ, "மச்சாள், நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது" என்றாய். நான் உன்னைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன். ஆட்டோ படலைக்கு வந்தபோது உன் தலை என் தோளில் இருந்தது. நீ இருக்கவில்லை.

அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியாது. செத்தவீட்டைப் பற்றி எழுதவேண்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது.

நீ பெட்டியில் கிடந்தாய். நான் உன் தலைமாட்டில் இருந்தேன். சனம் வந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்கு நினைவில்லை. வெளியே தகரம் இழுபடுகிற சத்தம் மட்டும் காதில் ஏறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். மாட்டுக்கொட்டில் தகரத்தை நானும் நீயும் இழுத்த அதே சத்தம்.

எழும்பி ஓடினேன். பந்தல் போடுகிற சின்னராசண்ணை பிளாட்டுக்கு மேலே நிற்கிறார். முற்றத்துப் பந்தலின் தகரத்தை வீட்டோடு சேர்த்து, பிளாட்டுக்கு மேலால் மூடிக்கொண்டு வருகிறார். மாரிச் செத்தவீட்டுக்கு அப்படித்தான் போடுவார்கள். வீட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில் தண்ணீர் விழக்கூடாது. அடுத்த தகரம் சிரட்டையின் தலைக்கு மேலே வரப்போகிறது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. அதுக்கு மேலை தகரம் போடவேண்டாம்."

"தங்கச்சி, ரேடியோவிலை மழை கடலுக்கை எண்டுதான் சொன்னவன். ஆனா வானத்தைப் பாருங்கோ. இடையிலை வெளி விட்டா தண்ணி வாசலிலைதான் கொட்டும்."

"கொட்டட்டும்."

உன் பெரியண்ணை வந்துவிட்டார். "என்ன பிள்ளை, விசரே உனக்கு? வாற சனம் நனையிறதோ? அவளை நனைச்சோ கொண்டுபோறது? ஒரு தடிக்காகவோ?"

"அத்தான், அது அவள் குடுத்த வாக்கு. மாரி இன்னும் முடியேல்லை."

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. பெரியண்ணை சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே பெட்டியைப் பார்த்தார்.

"இவளவை ரெண்டுபேரோடையும் ஒருநாளும் கதைச்சு வெல்லேலாது" என்றார். "தகரத்தை இறக்கு சின்னராசு. பிளாட்டுக்குக் கீழை, தள்ளிப் போடு."

மழை வந்தது. நீ வெளிக்கிடுகிற நேரம் பார்த்து வந்தது. வீட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில் நான் விடச் சொன்ன வெளியால் தண்ணீர் ஓட்டையிலிருந்து கொட்டுவது போலக் கொட்டியது. குடை பிடிக்க ஓடினார்கள், நேரம் போதவில்லை. உன் பெட்டியும் பூவும் நனைந்துதான் வாசலைத் தாண்டின. பெண்கள் படலையோடு நிற்பது எங்கள் வழக்கம். நான் நின்றேன். தெரு முடக்கில் நீ திரும்பும்வரை உன்மேல் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சாளை நனைத்து அனுப்பினவள் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களும் அதைத்தான் கதைத்தார்கள். பின்னேரங்களில் அந்த வாசலில் இருந்து, நான் செய்தது உனக்காகத்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மாரி முடிந்தது, பனி வந்தது, கிழங்கு கிண்டுகிற காலமும் வந்தது.

இனி நேற்றுக்கு வருகிறேன். இதற்குத்தான் அவசரப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளை மடிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. மாரி முழுக்க ஒரு நீலக் கோடு, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எங்கேயும் அறாமல். அதில் ஒரு இடத்தைப் பெருப்பித்துக் காட்டினாள்.

"இது அன்ரியின்ரை செத்தவீட்டு நாள்."

கோடு அன்று காலையிலேயே ஏறத் தொடங்கியிருக்கிறது, மச்சாள். நான் உன் தலைமாட்டில் இருந்தபோது ஏறியிருக்கிறது. சின்னராசண்ணை தகரம் இழுத்தபோது உச்சியில் நின்றிருக்கிறது. உன்மேல் விழுந்த மழை, விழ முதலே, எங்கள் கூரைக்கு மேலே தண்ணீராக நின்றதைச் சிரட்டை ஒவ்வொரு சொட்டாகக் கணக்கெடுத்திருக்கிறது.

அன்றைக்கு வெளிவந்த கணிப்புகள் மழையைக் கடலுக்குள் வைத்திருந்தன. ரேடியோக்காரனும் அதைத்தான் வாசித்தான். பிறகு கம்பஸ்காரர் அந்த நாளைத் திரும்ப எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கூரையையும் கரையோரத்தில் இருக்கிற வேறு சில கூரைகளையும் சேர்க்காமல் ஒரு தரம், சேர்த்து ஒரு தரம். சேர்க்காத கணக்கில் மழை கடலிலேயே நிற்கிறது. சேர்த்த கணக்கில் அது கரை ஏறி வலிகாமத்துக்கு வருகிறது.

"சரியா உங்கடை வீட்டுக்கு மேலை எண்டில்லை அன்ரி. கொஞ்சம் விலத்தித்தான். உங்கடை கூரை தனியச் செய்ததும் இல்லை, மற்றக் கூரையளும் சேந்துதான். ஆனா அண்டைக்கு உங்கடை கோடு அறுந்திருந்தா, இதைக் காட்டி நம்பப் பண்ண எங்களிட்டை ஒண்டும் இருந்திராது."

மேலாளே சொல்லிவிட்டாராம், கருவி இனிப் புத்தூரில்தான் என்று. பிள்ளை படத்தில் ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டினாள். அதுதான் நாங்களாம். நான் விரலை வைத்துப் பார்த்தேன். விரலை வைத்தால் புள்ளி மறைந்துவிடுகிறது, எடுத்தால் வருகிறது. பலதரம் வைத்து எடுத்தேன்.

"அண்டைக்குப் பந்தல் போட்டிருப்பியளே அன்ரி? அந்த மழைக்கை தகரம் போடாமல் எப்பிடி?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நல்லகாலம், உப்புப் போட்டது அதற்குப் பிறகுதான்.

இன்று காலை பெரியண்ணையிடமும் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அவள் நனைஞ்சது நனைஞ்சதாப் போகேல்லை" என்றார். திரும்பி வரும்போது பின்னால் நின்று கூப்பிட்டார். "இந்தமுறை வெங்காயம் எப்ப கிண்டலாமெண்டு உன்ரை சிரட்டையைக் கேட்டுச் சொல்லு."

இடம்பெயர்ந்த அன்று நீ நனைந்தது ஒருவரும் சொல்லாத மழை. கடைசியாக நனைந்ததும் ஒருவரும் சொல்லாத மழைதான். ஆனால் இந்த மழை வீணாய் ஓடிப்போகவில்லை, மச்சாள். இதைக் காட்டித்தான் உலகம் முழுக்கக் கணக்குப் போடுகிறவர்களை நம்பவைத்தார்கள். எங்கள் கூரைக்கு மேலால் போகிற காற்று நாளைக்கு வேறு யாருடைய கூரைக்கு மேலேயோ போகும். அங்கே எவளோ ஒருத்தி, மழை வருமென்று கேட்டுவிட்டு, வெளிக்கிட முதல் ஒரு தறப்பாளை இழுத்துச் சுருட்டிக் கரியரில் கட்டுவாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. பரவாயில்லை. உனக்கு அவளைத் தெரியும்.

வெயில் சாய்கிறது. ஒடியலை அள்ளவேண்டும். பின்னேரம் ஆனால் எனக்கு இன்னும் கண் படலைக்குப் போகிறது. நீ பிந்துகிற அளவை வைத்துக் கணக்குப் போடுகிற பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். இவ்வளவு பிந்துகிறாய் என்றால், வழியில் கோயிலடிப் பரமேஸைக் கண்டுவிட்டாய் என்றுதான் வைத்திருக்கிறேன். அவளுக்கும் எங்கள் கூரையின் விஷயத்தைச் சொல்லு.